ஒரு விசிலுக்கு நாலாயிரம் பல்ஸ்: மைக் சத்தத்தை மைக்ரோகன்ட்ரோலருக்குப் புரிய வைப்பது

கேள்வி, ஜூன் 2

டிப்ளமோ மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். வீட்டில் பாட்டிக்குக் காது மந்தம், குக்கர் விசில் கேட்பதில்லை. விசிலை எண்ணி ஹாலில் பல்பு எரிய வைக்கிற மாதிரி ஒரு கருவி செய்கிறேன். எல்எம்393 (ரெண்டு வோல்டேஜை ஒப்பிட்டுச் சொல்லும் கம்பேரட்டர் ஐசி) போட்ட சின்ன மைக் மாட்யூல், அதன் டிஓ (டிஜிட்டல் வெளியீடு) பின்னை ஆர்டுயினோ ஊனோ மைக்ரோகன்ட்ரோலர் போர்டின் 2-ஆம் பின்னில் கொடுத்து இன்டரப்டில் (பின் மாறிய கணமே புரோகிராமைக் கூப்பிடும் வசதி) எண்ணுகிறேன். ஒரு விசிலுக்கு 4,000-க்கு மேல் ஏறுகிறது. பிரிசெட்டை (மாட்யூலில் உணர்திறனை மாற்றும் திருகு) கொஞ்சம் திருப்பினால் ஒன்றுமே வருவதில்லை. 50 மில்லிசெகண்ட் டிபவுன்ஸ் (ஒரு பல்ஸுக்குப் பிறகு அவ்வளவு நேரம் அடுத்ததைப் புறக்கணிப்பது) வைத்தேன், அப்போதும் 30, 40 வருகிறது. மாட்யூல் பழுதா, புரோகிராம் தப்பா?

பதில், ஜூன் 2, இரவு

ரெண்டும் இல்லை. மாட்யூல் சொன்னதைச் செய்கிறது. விசில் சத்தம் நொடிக்கு மூவாயிரம் தடவை ஏறி இறங்குகிறது என்றால், கம்பேரட்டரும் நொடிக்கு மூவாயிரம் தடவை ஏறி இறங்கும். நீங்கள் எண்ணியது விசிலை அல்ல, அலையை. 50 மில்லிசெகண்ட் வைத்ததும் எண்ணிக்கை குறைந்தது, ஆனால் விசில் ரெண்டு மூன்று நொடி நீள்கிறதே, அதற்குள் நாற்பது 50 மில்லிசெகண்ட் இருக்கத்தானே செய்யும்.

ஜூன் 3

நேற்று தூக்கக் கலக்கத்தில் சுருக்கமாக முடித்துவிட்டேன். பிரிசெட் விஷயத்தை விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லோரும் அதைத்தான் திருகிக்கொண்டிருக்கிறார்கள்.

சாதாரண எலக்ட்ரெட் மைக், டேட்டாஷீட்டில் மைனஸ் 44 டெசிபெல் என்று போட்டிருப்பது, 94 டெசிபெல் சத்தத்துக்குத் தருவது சுமார் 6 மில்லிவோல்ட். 94 டெசிபெல் என்பது காதைப் பொத்திக்கொள்ளத் தோன்றும் அளவு. பேச்சுச் சத்தத்துக்கு அதே மைக்கில் வருவது ஒரு மில்லிவோல்ட்டில் எட்டில் ஒரு பங்கு, அவ்வளவுதான். இந்த மலிவு மாட்யூல்கள் பலவற்றில் ஆம்ப்ளிஃபயரே கிடையாது. மைக்கிலிருந்து நேராகக் கம்பேரட்டர். அந்த எல்எம்393-க்கோ உள்ளுக்குள்ளேயே 2 முதல் 5 மில்லிவோல்ட் வரை ஆஃப்செட் இருக்கலாம். கேட்க வேண்டிய சத்தமும் ஐசியின் சொந்தப் பிழையும் ஒரே அளவு! அதனால்தான் பிரிசெட்டில் ஒரு மயிரிழை இந்தப் பக்கம் போனால் எல்லாமே கேட்கிறது, அந்தப் பக்கம் போனால் எதுவுமே கேட்பதில்லை. காலையில் சரியாக வைத்தது மத்தியானம் அடுப்பங்கரைச் சூட்டில் நகர்ந்துவிடும்.

ஆகவே மைக்குக்கும் பின்னுக்கும் நடுவில் மூன்று வேலை நடக்க வேண்டும். சத்தத்தைப் பெரிதாக்குவது, அலையை மறந்துவிட்டு அதன் உருவத்தை மட்டும் எடுப்பது, அந்த உருவத்தை ஒரே ஒரு சுத்தமான பல்ஸாக மாற்றுவது. மாட்யூல் மூன்றாவதை மட்டும் அரைகுறையாகச் செய்கிறது.

ஜூன் 3, கொஞ்ச நேரம் கழித்து

மாட்யூலைத் தூக்கிப் போட வேண்டாம். மைக்கைக் கழற்றிக்கொள்ளலாம், எல்எம்393-ம் அதில்தான் இருக்கிறது. 

ஜூன் 5

என் சமையலறையில் ஓடுகிற சர்க்யூட்டை அப்படியே எழுதுகிறேன். படம் வரைய நேரமில்லை, படித்துப் போட்டுக்கொள்ளுங்கள்.

5 வோல்ட்டிலிருந்து 1 கே ரெசிஸ்டர், அதன் மறுமுனையில் கிரவுண்டுக்கு 100 மைக்ரோஃபாரட். இது மைக்குக்கு மட்டும். இதை விட்டுவிட்டால் போன் சார்ஜரின் இரைச்சல் எல்லாம் நூறு மடங்காகி உள்ளே வரும், அப்புறம் அடுப்பே பற்ற வைக்காமல் விசில் எண்ணும். அந்தச் சுத்தமான முனையிலிருந்து 10 கே வழியாக மைக். டேட்டாஷீட் 2.2 கே என்று சொல்லும். 10 கே போட்டால் வெளியீடு கிட்டத்தட்ட நாலு மடங்கு. மைக் இழுக்கும் மின்னோட்டம் 0.3 மில்லிஆம்பியர் வாக்கில் என்றால் மைக்குக்கு 1.7 வோல்ட் வாக்கில் மிஞ்சும், போதும். மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள், மைக் முனையில் ஒரு வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் 10 கே-யை 6.8 கே ஆக்குங்கள்.

அடுத்து எல்எம்358 (ரெண்டு ஆப்-ஆம்ப், அதாவது பெருக்கிகள், உள்ள ஐசி), பாதி மட்டும். கெயின் (பெருக்கும் மடங்கு) 101: ஃபீட்பேக் 100 கே, கீழே 1 கே, அதற்குக் கீழே கிரவுண்டுக்கு ஒரு 1 மைக்ரோ கெபாசிட்டர். பிளஸ் உள்ளீட்டுக்கு பயாஸ் (சத்தம் இல்லாதபோது நிற்க வேண்டிய வோல்டேஜ்): மேலே 220 கே, கீழே 120 கே, நடுவில் 1.76 வோல்ட். ஏன் சரிபாதி 2.5 இல்லை? 5 வோல்ட் சப்ளையில் எல்எம்358-ன் வெளியீடு 3.5-க்கு மேல் போகாது. 2.5-ல் உட்கார வைத்தால் மேலே ஒரு வோல்ட்தான் இடம். 1.76 என்றால் ரெண்டு பக்கமும் சமம்.

மைக்கிலிருந்து பயாஸ் முனைக்கு வரும் கெபாசிட்டரைப் பற்றி நாளைக்கு. அதில்தான் சூட்சுமம்.

ஜூன் 6

எல்லோரும் அங்கே 104 போடுவார்கள். 102 போடுங்கள்.

104 என்றால் 100 நானோ. பயாஸ் ரெசிஸ்டர்களையும் மைக்கின் 10 கே-யையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் 18 ஹெர்ட்ஸ் முதல் எல்லாம் உள்ளே வரும். ஃபேன், பிரிட்ஜ், தெருவில் போகும் லாரி, எல்லாம். 102 என்றால் 1 நானோ, வெட்டும் இடம் 1.8 கிலோஹெர்ட்ஸுக்குப் போய்விடுகிறது. 180 ஹெர்ட்ஸ் முனகல் பத்தில் ஒரு பங்காக இளைத்துவிடும். விசிலின் சீறல் மேலே இருப்பதால் அது அப்படியே வரும். கூடுதல் செலவு எதுவும் இல்லை, அதே கெபாசிட்டர், வேறு எண்.

ஜூன் 6, மாலை

உருவம் எடுக்கும் பகுதி. ஆம்ப் வெளியீட்டிலிருந்து 100 நானோ (இங்கே 104 சரி). அதன் மறுமுனையில் ரெண்டு டையோடு: ஒன்று கிரவுண்டிலிருந்து மேல் நோக்கி, இன்னொன்று அங்கிருந்து வெளியே. வெளியே 1 மைக்ரோஃபாரட், அதற்கு இணையாக 100 கே. 1என்4148 வேலை செய்யும், ஆனால் ரெண்டு டையோடிலும் சேர்த்து ஒரு வோல்ட் போய்விடுகிறது. பிஏடி85 மாதிரி ஷாட்கி கிடைத்தால் அரை வோல்ட்டோடு போகும்.

இந்த இடம் எனக்குப் பிடித்த இடம். ஒவ்வொரு அலையும் 100 நானோ அளவுக்குத்தான் மின்னூட்டத்தைத் தூக்கிக் கொடுக்கிறது, வாங்குவது 1 மைக்ரோ. கிணற்றில் வாளியால் இறைத்துத் தொட்டி நிரப்புவது போல, ஒவ்வொரு தடவையும் மிச்சம் இருக்கும் இடத்தில் பதினொன்றில் ஒரு பங்கு நிரம்பும். மூன்று கிலோஹெர்ட்ஸில் முப்பது நாற்பது அலை வந்தால், அதாவது பத்துப் பன்னிரண்டு மில்லிசெகண்டில், தொட்டி நிரம்பிவிடும். ஒரு 'டிக்' சத்தத்தால் நிரப்ப முடியாது. சத்தம் நின்றால் 100 கே வழியாகக் காலியாவது மெதுவாக, ஒரு டைம் கான்ஸ்டன்ட் 100 மில்லிசெகண்ட். ஆக ஏறுவது வேகம், இறங்குவது நிதானம்.

ஸ்கோப் இருப்பவர்கள் இந்த முனையைப் பார்த்துவிட்டுப் பிறகு ஆம்ப் வெளியீட்டைப் பாருங்கள். அங்கே அடர்ந்த புல் மாதிரி நிற்கும் சத்தம் இங்கே வழுவழுப்பாக ஒரு மேடாக வந்து நிற்கும். 4,000 பல்ஸ் போன இடம் அதுதான்.

ஜூன் 8

"அந்த மேட்டை நேராக ஆர்டுயினோ டிஜிட்டல் பின்னில் கொடுத்தால் என்ன, அதிலேயே ஷ்மிட் ட்ரிகர் (ஏற ஒரு வாசல், இறங்க வேறு வாசல் வைத்துத் தள்ளாட்டத்தைத் தவிர்ப்பது) இருக்கிறதே" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இருக்கிறது. ஆனால் ஊனோவின் சிப்பான ஏடிமெகா328பி 'ஒன்று' (ஹை) என்று நிச்சயமாக எடுத்துக்கொள்ள 0.6 விசிசி, சப்ளையில் 0.6 பங்கு, அதாவது 3 வோல்ட் வேண்டும். நம் மேடு முழுக் கூச்சலுக்கே இரண்டரை, மூன்றில் நின்றுவிடும். நடுவில் தொங்கும். வேண்டாம்.

எல்எம்393-ஐ இப்படிப் போடுங்கள். மேட்டை மைனஸ் உள்ளீட்டுக்கு. பிளஸ் உள்ளீட்டில் 33 கே மேலே, 10 கே கீழே. வெளியீட்டிலிருந்து பிளஸ்ஸுக்கு 100 கே. வெளியீட்டுக்கு 5 வோல்ட்டிலிருந்து 10 கே புல்-அப், அது ஓபன் கலெக்டர் (கீழே மட்டும் இழுக்கத் தெரிந்த வெளியீடு), புல்-அப் இல்லாமல் மேலே போகவே போகாது. அமைதியில் வெளியீடு ஹை, வாசல் (வெளியீடு மாறும் அளவு) 1.41 வோல்ட். சத்தம் அதைத் தாண்டியதும் வெளியீடு லோ, வாசல் தானாக 1.08-க்கு இறங்கிவிடும். மேடு 1.41-ல் தள்ளாடினாலும் பல்ஸ் தள்ளாடாது, திரும்ப வேண்டுமென்றால் 0.33 வோல்ட் இறங்கியாக வேண்டும்.

மேட்டைப் பிளஸ்ஸில் கொடுத்து அங்கேயே 1 மெக் ஃபீட்பேக் போடுவதைப் பல இடத்தில் பார்க்கலாம். இந்தச் சர்க்யூட்டுக்கு அது ஆகாது. வெளியீடு ஹை ஆனதும் அந்த 1 மெக் வழியாகவே நம் 1 மைக்ரோவுக்கு மின்னூட்டம் போகும், 100 கே-யில் 0.45 வோல்ட் நிரந்தரமாக நிற்கும். வாசலைக் குறைத்து வைத்திருந்தால் ஒரு தடவை ஹை ஆனது மறுபடி இறங்கவே இறங்காது.

ஜூன் 8

ஆமாம், சத்தம் வந்தால் லோ. தலைகீழ்தான். புரோகிராமில் ஒரு ஆச்சரியக்குறி போட்டால் தீர்ந்தது.

ஜூன் 9

எல்எம்358-ல் மிச்சம் இருக்கும் பாதியையே கம்பேரட்டராக்கிவிடலாமே, எதற்கு 393 என்கிறார் இன்னொருவர், ரெண்டும் ஒன்றுதான் என்று. ஒன்று இல்லை. ஆப்-ஆம்ப் வெளியீடு 3.5 வோல்ட்டில் நிற்கும், நமக்கு வேண்டியது 3. தப்பித்துவிடுகிறோம், மயிரிழையில். 5 வோல்ட் என்று எழுதியிருக்கும் சார்ஜர் 4.6 கொடுக்கிற வீட்டில் ரெண்டும் சேர்ந்து இறங்கும், இடைவெளி இன்னும் குறுகும். வேகம் இங்கே பிரச்சினை இல்லை, நம் மேடு ஆமை வேகம். கையில் 393 இல்லாத ஞாயிற்றுக்கிழமைக்குச் சரி, சால்டர் வைத்து நிரந்தரமாகப் போடும்போது 393.

அந்தப் பாதிக்கு வேறு வேலை வரப்போகிறது, காலியாக வைத்திருங்கள்.

ஜூன் 11

கேள்வி கேட்ட தம்பி பிரெட்போர்டில் போட்டுவிட்டார். விசிலுக்கு ஒன்று, சில சமயம் இரண்டு என்று வருகிறதாம். கரண்டி விழுந்தால் ஒன்று. சமையலறைக் கதவு அடித்தால் ஒன்று. மிக்சி ஓடினால் ஒன்று.

தம்பி, இனி பிரிசெட்டையும் ரெசிஸ்டரையும் தொடாதீர்கள். சர்க்யூட்டின் வேலை முடிந்துவிட்டது. பக்கத்தில் விழும் கரண்டி விசிலை விடச் சத்தம், எந்த வாசலை வைத்தாலும் அது தாண்டும். சத்தத்தின் அளவை வைத்து விசிலைக் கண்டுபிடிக்கவே முடியாது. எவ்வளவு நேரம் நீடித்தது என்பதை வைத்துத்தான் முடியும். கரண்டி கால் நொடி. விசில் சில நொடி. மிக்சி அரை நிமிஷம், ஒரு நிமிஷம். இந்த விஷயத்தில் காலம்தான் காது.

ஜூன் 11, இரவு

புரோகிராம். முதலில் இன்டரப்டை எடுத்துவிடுங்கள். சில நொடி நீடிக்கும் ஒன்றைப் பிடிக்க மைக்ரோசெகண்ட் வேகம் எதற்கு? 20 மில்லிசெகண்டுக்கு ஒரு தடவை பின்னைப் பாருங்கள். ஒரு எண்ணை வைத்துக்கொள்ளுங்கள், தொடக்கம் 0. பின் லோ என்றால் ஒன்று கூட்டுங்கள், ஹை என்றால் ஒன்று கழியுங்கள். 0-க்குக் கீழே போகக்கூடாது, 75-க்கு மேலே போகக்கூடாது. 75 தொட்டால் "விசில் நடக்கிறது". 0 தொட்டால் "முடிந்தது".

75 தொட ஒன்றரை நொடி விடாமல் சத்தம் வேண்டும், கரண்டி தோற்றது. விசில் நடுவில் அரை நொடி மூச்சு வாங்கினாலும் எண் 75-லிருந்து 50-க்குத்தான் இறங்கும், 0 தொடாது, அதனால் ஒரே விசில் இரண்டாக எண்ணப்படாது. மிக்சிக்கு: எண்ணிக்கையைக் கூட்டுவதை "நடக்கிறது" என்ற இடத்தில் வைக்காமல் "முடிந்தது" என்ற இடத்தில் வையுங்கள். அப்போது எவ்வளவு நேரம் நடந்தது என்பது கையில் இருக்கும். 15 நொடிக்கு மேல் என்றால் அது விசில் இல்லை, பேசாமல் விட்டுவிடலாம். பல்பு ஒன்றரை நொடி தாமதமாக எரியும். பருப்பு கோபித்துக்கொள்ளாது.

ஜூன் 12

555 டைமர் ஐசி வைத்து மோனோஸ்டேபிள் (ஒரு தடவை தட்டினால் குறித்த நீளத்துக்கு ஒரே பல்ஸ் தரும் சர்க்யூட்) போடச் சொல்லும் பெரியவருக்கு: நானும் கல்லூரியில் கிளாப் ஸ்விட்ச் அப்படித்தான் போட்டேன், 555-ம் ஒரு ஃபிளிப்-ஃபிளாப்பும். 1 மெக்கும் 4.7 மைக்ரோவும் போட்டால் 1.1 ஆர்சி கணக்கில் 5 நொடிப் பல்ஸ் வரும். கைதட்டலுக்கு அது அருமை, ஏனென்றால் தட்டல் பல்ஸை விடச் சின்னது. விசில் 6 நொடி ஓடினால்? ட்ரிகர் பின் இன்னும் லோவிலேயே இருக்கும், 555 தன் நேரம் முடிந்தும் விட மாட்டாது. நடுவில் ஒரு துள்ளல் வந்தால் புதுப் பல்ஸ் ஆரம்பித்துவிடும். சிடி4538 மாதிரி ரீ-ட்ரிகர் ஆகும் (ஒவ்வொரு துள்ளலுக்கும் அதே பல்ஸை நீட்டும்) ஐசி போட்டால் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் கரண்டிக்கும் அது முழு நீளப் பல்ஸ் தரும். நீளத்தை அளக்க வேண்டிய இடத்தில் நீளத்தை அழித்துவிடுகிற பொருள் அது. மைக்ரோகன்ட்ரோலர் இல்லாத சர்க்யூட்டில் மட்டும் நான் 555 பக்கம் போவேன்.

ஜூன் 14

விப்பர். மிக்சியில் குமிழை இடது பக்கம் திருப்பிப் பிடித்தால் ஓடுமே, அது. என் வீட்டில் தேங்காய்ச் சட்னிக்கு அதை மூன்று நொடி, மூன்று நொடியாகத்தான் ஓட்டுவார்கள். கருவிக்கு அது சாட்சாத் விசில். ஒரு சட்னிக்கு ஐந்து விசில்!

ஜூன் 15

விப்பருக்கு வழி. காலியாக வைத்திருக்கச் சொன்ன அந்தப் பாதி எல்எம்358 இப்போது வேலைக்கு வரட்டும், 393-லும் ஒரு பாதி சும்மா இருக்கிறது.

மிக்சி மோட்டார் நிமிஷத்துக்கு 18,000 சுற்று வாக்கில் ஓடும், நொடிக்கு 300. அதன் முனகலின் அடிவாரம் அங்கே இருக்கிறது, மேலேயும் நிறைய இரைச்சல் இருக்கிறது. விசிலுக்கோ அந்த மேல் இரைச்சல் மட்டும்தான். ஆக ரெண்டாவது பாதிக்கு அதே மைக்கிலிருந்து, அதே மாதிரி ஆனால் தனி பயாஸ் வைத்து, இம்முறை 104 வழியாகக் கொடுங்கள். அதன் வெளியீட்டில் 10 கே, கிரவுண்டுக்கு 47 நானோ. 340 ஹெர்ட்ஸுக்கு மேலே போகப் போகத் தேயும். பிறகு அதே டையோடு, அதே தொட்டி, மற்ற கம்பேரட்டர், வேறு ஒரு பின். கீழ்ப்பக்கத்துக்குக் கெயினை மட்டும் உங்கள் மிக்சியைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது ஊனோவுக்கு ரெண்டு பல்ஸ் வருகிறது. பழைய பின் மட்டும் லோ: விசில். ரெண்டும் லோ: மிக்சி, எண்ணாதே. ரெண்டு ஐசியிலும் ஒரு கால் கூட வீணாகவில்லை என்பது எனக்கு ஒரு அற்ப சந்தோஷம்.

மிக்சி ஓடும்போதே விசில் வந்தால் அது தவறிப்போகும். என் வீட்டில் மிக்சி ஓடும்போது மனுஷர்களே விசிலைத் தவறவிடுகிறார்கள், அதனால் புகார் இல்லை.

ஜூன் 17

விசிலை அதன் அதிர்வெண்ணை வைத்தே கண்டுபிடிக்கலாமே, எஃப்எஃப்டி, கோர்ட்ஸெல் (சத்தத்தில் எந்த அதிர்வெண் எவ்வளவு என்று பார்க்கும் கணக்கு முறைகள்) என்று ரெண்டு பேர். செய்யலாம், ஊனோவால் முடியாதது இல்லை: ஏடிசி (வோல்டேஜை எண்ணாக்கும் பகுதி) ஒரு மாதிரிக்கு 13 கடிகாரத் துடிப்பு, வழக்கமான 125 கிலோஹெர்ட்ஸில் 104 மைக்ரோசெகண்ட், நொடிக்கு 9,600 மாதிரி, 4.8 கிலோஹெர்ட்ஸ் வரை பார்க்கலாம். ஆனால் முதலில் போனில் ஏதாவது ஸ்பெக்ட்ரம் ஆப் போட்டு உங்கள் குக்கரைக் கேளுங்கள். கோர்ட்ஸெல் ஒரு குறிப்பிட்ட சுருதியைத் தேடும் முறை. என் குக்கரின் வெயிட்டில் சுருதியே இல்லை, மேலே முழுக்க விரிந்து கிடக்கும் சீறல்தான். தேட ஒரு முனை இல்லாத இடத்தில் என்னத்தைத் தேடுவது? குழல் மாதிரி ஊதும் வெயிட் இருப்பவர்களுக்கு அது நல்ல வழி.

ஜூன் 18

ஏஜிசி, அதாவது சத்தத்துக்கு ஏற்பக் கெயினைத் தானே மாற்றிக்கொள்ளும் வசதி, உள்ள மாட்யூல் (மேக்ஸ்9814) வாங்கி வைத்திருப்பவருக்கு: நல்ல ஐசி, 40, 50, 60 டெசிபெல் என்று கெயினும் மாற்றலாம். பேச்சைப் பதிவு செய்ய வாங்கியிருந்தால் பாராட்டுவேன். இந்த வேலைக்கு ஏஜிசி எதிரி. சமையலறை அமைதியாக இருக்க இருக்க அது காதைத் தீட்டிக்கொண்டே போகும், கடைசியில் ஜன்னலில் உட்கார்ந்த புறாவும் வாசலைத் தாண்டும். கெயின் பின்னை 5 வோல்ட்டில் கட்டி 40-ல் வையுங்கள், ஓரளவு அடங்கும்.

ஜூன் 20

இது வேறு கேள்வி, ஆனால் இங்கேயே வந்து விழுந்திருக்கிறது: பலூன் வெடிக்கும் கணத்தைப் படம் எடுக்க மைக் வைத்து ஃபிளாஷை அடிக்க வேண்டும், மேலே சொன்ன சர்க்யூட் போட்டேன், படத்தில் கிழிந்த ரப்பர்தான் விழுகிறது.

விழும். நான் மேலே எழுதியது எல்லாம் அவசரப்படாமல் இருப்பதற்கான சர்க்யூட். உங்களுக்கு நேர் எதிர் வேண்டும். டையோடு, தொட்டி, 20 மில்லிசெகண்ட் எண்ணுதல், எல்லாவற்றையும் பிடுங்கி எறியுங்கள். ஆம்ப், உடனே கம்பேரட்டர், முதல் விளிம்பு வந்ததும் அடி. பிறகு அரை நொடி எதையும் கேட்காதே, அவ்வளவுதான் டிபவுன்ஸ். இங்கேதான் இன்டரப்ட்டுக்கு வேலை. இன்னும் துல்லியம் வேண்டுமென்றால் ஊனோவின் 8-ஆம் பின் இன்புட் கேப்சர், டைமர்1-ஐ எட்டால் வகுத்து ஓட்டினால் அரை மைக்ரோசெகண்ட் வரை நேரம் குறித்துக்கொள்ளும்.

ஆனால் அதைவிடப் பெரிய தாமதம் காற்றில் இருக்கிறது. ஒலி ஒரு மீட்டர் கடக்க 2.9 மில்லிசெகண்ட். மைக்கை நகர்த்துவதுதான் உங்கள் டிலே குமிழ்: பலூனிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்தால் முக்கால் மில்லிசெகண்டுக்குள் பிடிக்கலாம், தள்ளத் தள்ளக் கிழிசல் விரியும். பழைய ஃபிளாஷ் என்றால் அதன் ட்ரிகர் முனையை முதலில் மீட்டரில் பாருங்கள். சிலவற்றில் 200 வோல்ட்டுக்கு மேல் நிற்கும். ஆப்டோ-ட்ரையாக் (ஒளியால் இயங்கும், மின்தொடர்பு இல்லாத ஸ்விட்ச்) வழியாகத்தான், நேராகப் பின்னில் வேண்டாம்.

ஜூன் 21

குக்கருக்குத் திரும்புவோம். எல்எம்393 இல்லாமல், சிப்புக்குள்ளேயே இருக்கும் கம்பேரட்டரை வைத்து முடியாதா என்று கேட்டவருக்கு: முடியும். ஏடிமெகா328பி-யில் ஒன்று இருக்கிறது. மைனஸ் உள்ளீடு ஊனோவின் 7-ஆம் பின். பிளஸ்ஸுக்கு உள்ளேயே 1.1 வோல்ட் பேண்ட்கேப்பை (சிப்பின் நிலையான உள் வோல்டேஜ்) திருப்பிவிடலாம், நம் வாசலுக்குக் கிட்டத்தட்ட அதே இடம். இதில் 0.33 வோல்ட் இடைவெளி கிடையாது, ஆனால் 20 மில்லிசெகண்டுக்கு ஒரு தடவை கூட்டிக் கழிக்கும் முறை இருப்பதால் துள்ளல் அதிலேயே கரைந்துவிடும். ஒரே ஒரு கம்பேரட்டர்தான் என்பதால் மிக்சிப் பின் கிடையாது. விப்பர் இல்லாத வீட்டுக்கு இது போதும்.

ஜூன் 23

மைக்குக்குப் பதில் பைசோ தகடு (அதிர்வை வோல்டேஜாக்கும் தகடு) வைக்கலாமே என்று மூன்று பேர் எழுதிவிட்டீர்கள். அடுப்பு மேடைக் கல்லுக்கு அடியில் ஒட்டிப் பார்த்தேன். மிக்சியும் அதே கல்மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. மிக்சியை ஓட்டினால் விசிலை விடப் பிரமாதமாகக் கேட்கிறது.

ஜூன் 24

தம்பி, பல்பு மட்டும் போதாது, அம்மாவுக்கு பஸ்ஸரும் வேண்டும் என்கிறார்களா? போடுங்கள், ஆனால் பஸ்ஸர் ஒலிக்கும் நேரமும் அதற்கு அப்புறம் அரை நொடியும் எண்ணைக் கட்டாயமாக 0-வில் பிடித்து வையுங்கள். இல்லாவிட்டால் மூன்றாவது விசிலுக்கு பஸ்ஸர் அடிக்கும், மைக் அதை நாலாவதாக எண்ணும், நாலுக்கும் அடிக்க வைத்திருந்தால் ஐந்தாவதாக எண்ணும். கேஸை அணைத்த பிறகும் சமைத்துக்கொண்டே இருக்கும். பஸ்ஸருக்கு 5 வோல்ட்டைத் தனி ஒயரில் எடுங்கள், மைக் பக்கத்தின் கிரவுண்டோடு சங்கிலியாகக் கோக்க வேண்டாம்.

ஜூன் 26

விசில் எண்ணுவதே அறிவியல் இல்லை, அழுத்தத்தில் எவ்வளவு நேரம் இருந்தது என்பதுதான் சமையல் என்கிறார் ஒருவர். மறுக்க மாட்டேன். வெயிட் தூக்கும் இடத்தில் உள்ளே சுமார் 120 டிகிரி. அதில் எத்தனை நிமிஷம் என்பதுதான் பருப்புக்குக் கணக்கு. பெரிய தீயில் மூன்று விசில் சீக்கிரம் வந்துவிடும், பருப்பு வெந்திருக்காது. சிம்மில் அதே மூன்று விசிலுக்குள் குழைந்துவிடும்.

ஆனால் அதற்காகக் கருவியை மாற்ற வேண்டியதில்லை. ஒவ்வொரு "முடிந்தது"-க்கும் மில்லிஸ் (ஊனோ ஓடத் தொடங்கியதிலிருந்து ஆன மில்லிசெகண்ட்) நேரத்தைக் குறித்து வையுங்கள். முதல் விசிலிலிருந்து எவ்வளவு ஆயிற்று என்பது அதிலேயே வருகிறது. ரெண்டு விசிலுக்கு நடுவில் இடைவெளி குறைந்துகொண்டே போனால் தீ அதிகம். நான் இப்போது எண்ணிக்கையையும் முதல் விசிலிலிருந்து ஓடிய நிமிஷத்தையும் பக்கத்துப் பக்கத்தில் காட்டுகிறேன். வீட்டில் எண்ணிக்கையைத்தான் பார்க்கிறார்கள். பாட்டிமார்களின் அலகு அது, மாறாது.

இன்னொன்று. அடுப்பு பற்ற வைத்ததும் ஒரு பட்டனை அழுத்தும் பழக்கம் இருந்தால், கால் மணி நேரம் ஆகியும் முதல் விசில் வரவில்லை என்பதையும் சொல்ல வைக்கலாம். கேஸ்கட் போயிருக்கும், அல்லது வெயிட்டைப் போட மறந்திருப்பார்கள், தண்ணீர் ஆவியாகிக்கொண்டே இருக்கும். காது கேட்காத பாட்டி இருக்கும் வீட்டில் வந்த விசிலை எண்ணுவதை விட, வராத விசிலைச் சொல்வது முக்கியம் என்று எனக்கு இப்போது தோன்றுகிறது. அந்தப் பட்டனுக்கு எல்லோரையும் பழக்குவதுதான் பாடு.

ஜூன் 28

ரெண்டு லிட்டர் குக்கர் 'புஸ்' என்று ஒரு நொடிதான் ஊதுகிறது, எண்ண மாட்டேன் என்கிறது என்பவர்: 75-ஐ 40 ஆக்குங்கள், 0.8 நொடி. அந்த 75 என் ஐந்து லிட்டர் குக்கருக்கு வைத்தது. 30-க்குக் கீழே போனால் கரண்டி திரும்ப வந்துவிடும்.

ரெண்டு அடுப்பில் ரெண்டு குக்கர் என்றால் இந்தக் கருவியால் ஆகாது. எது ஊதியது என்று அதற்குத் தெரியாது. ரெண்டும் சேர்ந்து ஊதினால் ஒன்றாக எண்ணும்.

ஜூலை 1

தம்பியின் கடைசிக் கேள்வி, மைக்கை எங்கே வைப்பது. அடுப்புக்கு நேர் மேலே வேண்டாம், ஆவியும் தாளிக்கும் எண்ணெயும் மைக்கின் கறுப்புத் துணியில் படிந்து சில மாதத்தில் காது அடைத்துவிடும். சிம்னிக்குப் பக்கத்திலும் வேண்டாம். பக்கச் சுவரில், குக்கர் தலைக்குச் சமமான உயரத்தில், ஒரு மீட்டர் தள்ளி, துவாரம் கீழ்நோக்கிப் பார்க்கிற மாதிரி டப்பாவை மாட்டுங்கள். துவாரத்துக்கு மேல் மெல்லிய ஸ்பாஞ்சு ஒரு துண்டு ஒட்டி, அழுக்கானால் அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். மைக் ஒயர் அரை அடிக்கு மேல் போனால் ஷீல்டு ஒயர், ஷீல்டை சர்க்யூட் பக்கத்து கிரவுண்டில் சேர்த்துவிடுங்கள்.